கரை எழுதிய கணக்கு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருஷம் எடைச்சீட்டு எழுதியவன் நான். தரையில் சிந்திய முருங்கைக்காயைக் காட்டி, லாரியில் எத்தனை கட்டு ஏறியது என்று கேட்டால் சிரிப்பேன். நம் கடலின் திமிங்கிலக் கணக்கோ வெகுகாலம் அப்படித்தான் ஓடியது. கரை ஒதுங்கியதுதான் பேரேட்டில் ஏறியது.

அதில் பெரிய வரவு 1973 ஜனவரியில். மணப்பாட்டிலும் பக்கத்து ஊர்களிலும் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பதிவு செய்தார்கள். 43 வருஷம் கழித்து, 2016 பொங்கலுக்கு முந்தைய நாட்களில், அதே கரைக்கு மறுபடி வந்தன.

அன்றைக்கு முருகனைப் பார்க்கத் திருச்செந்தூர் போயிருந்தேன். சேதி கேட்டு ஆட்டோ பிடித்து, அந்தக் கரையில் உள்ள ஆலந்தலைக்கு ஓடினேன். கன்னங்கரேலென்ற உடம்பு, வெயிலில் காய்ந்த தோல். உச்சந்தலையில் மூச்சுத்துளை புஸ்ஸென்று திறந்து மூடியது. "இழுத்துக் கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வருது அண்ணாச்சி" என்றார் ஒரு மீனவர். கூட்டத்தை விட்டுப் பிரியாத பிராணி அது.

உயிரோடு இருப்பதை எண்ணக் கடலுக்குள் போனது பிந்தித்தான். 1979-ல் சர்வதேச திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலை வேட்டையில்லாத சரணாலயமாக்கியது. அதையொட்டி 1982-ல் 'டூலிப்' என்ற பாய்மரக் கப்பல் இலங்கைக் கடலுக்கு வந்து திமிங்கிலங்களைத் தேடியது. நம் பக்கம் 2003 முதல் 2007 வரை 'சாகர் சம்பதா' கப்பலில் போன விஞ்ஞானிகள் கண்டதையெல்லாம் குறித்தார்கள். ஆனால் வேறு வேலைக்குப் போன கப்பல் அது. போன வழியில் தென்பட்டதுதான் பதிவு. எங்கே இருக்கின்றன என்று அதில் தெரியும், எத்தனை என்று தெரியாது.

எத்தனை என்று அறிய, முன்பே போட்ட கோட்டில் கப்பல் நேராகப் போகவேண்டும். முதுகு தெரிந்ததும் தூரத்தையும் கோணத்தையும் குறிக்கவேண்டும். தள்ளிப் போகப்போகக் கண்ணில் படுவது குறையும். அந்தக் குறைவை வைத்தே தவறவிட்டதைக் கணக்கிடுவார்கள். முங்கிக் கிடக்கும் திமிங்கிலத்தால் கணக்கு இறங்கும். கப்பல் மூக்கோடு விளையாட ஓடிவரும் ஓங்கிலால் ஏறும். தராசு இரண்டு பக்கமும் சாயும் வியாபாரம்.

அன்று ஆலந்தலையில் எடைச்சீட்டின் பின்பக்கம் நான் எண்ணி எழுதியது 17. மறுநாள் பேப்பரில் எண்பதுக்கு மேல் என்று போட்டிருந்தது. மணலில் அசையாமல் கிடந்ததையே நான் கால்வாசிகூட எண்ணவில்லை.