டிரைப் நின்ற இடங்கள்

மதுரையில் விளக்குத்தூணுக்கு வழி கேட்பவர் ஏமாறுவதில்லை. துணிக்கடைகளின் நெரிசலுக்கு இடையே நிற்கும் அந்தப் பழைய தூண் ஒரு வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. தீபாவளிக் காலத்தில் அங்கே கால் வைக்க இடமிராது. அதே தூணை 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படையலுவலர் ஒருவர் நிழற்படம் எடுத்துள்ளார். அப்படத்துக்கு அவர் தந்த பெயர் ‘பிளாக்பர்ன் நினைவுச்சின்னம்’ என்பது. 1834 முதல் 1847 வரை மதுரையில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்னைச் சிறப்பிக்க எழுப்பப்பட்டது அத்தூண். யாரைச் சிறப்பிக்க நிறுவினார்களோ அவர் பெயர் ஊரார் நாவில் நிற்கவில்லை. தூண் செய்த வேலைதான் பெயராக நின்றது. பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது எடுக்கப்பட்ட இடத்திலேயே நின்று பார்ப்பவருக்கு முதலில் புலப்படும் மாற்றம் இதுவே.

படம் எடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றியவர். நீண்ட விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது நிழற்படக் கலையைக் கற்றுக்கொண்டு திரும்பினார். 1854இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டு, பர்மிய மன்னரிடம் சென்ற தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டார். அப்பணியில் காட்டிய திறமையால் 1856இல் சென்னை அரசின் நிழற்படக் கலைஞரானார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றி, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். இந்த நாலரை மாதத்தில் எடுத்த படங்களே தமிழகக் கோயில்களும் கோட்டைகளும் அரண்மனைகளும் முறையாக நிழற்படத்தில் பதிவான முதல் பெருந்தொகுதி எனலாம்.

அரசு அவரை அனுப்பியது அழகைத் தேடி அன்று. பழஞ்சின்னங்கள் அழிந்தொழியும் முன் அவற்றின் உருவையேனும் காத்துவைக்க வேண்டும் என்பதே நோக்கம். அழியப்போகிறவை என்ற எண்ணத்தோடு பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் பாழடைந்தே தோன்றும். டிரைப்பின் படங்களில் பரவிக் கிடக்கும் ஆழ்ந்த தனிமையைப் பலர் வியந்து பாராட்டியுள்ளனர். 2014இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும், அதைத் தொடர்ந்து நியூயார்க்கிலும் இலண்டனிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது அவரது புகழ் புத்துயிர் பெற்றது. அந்தத் தனிமை எங்கிருந்து வந்தது என்பதை அறியக் காட்சிக்கூடத்துச் சுவர் போதாது. படம் பிறந்த இடத்துக்கே போக வேண்டும்.

இவ்வாறு திரும்பிச் சென்று பார்ப்பதை ஓர் ஆய்வுமுறையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அந்நாட்டின் மேற்குப் பகுதியை 19ஆம் நூற்றாண்டில் அளந்தறியச் சென்ற குழுக்களுடன் போன நிழற்படக்காரர்கள் நின்ற இடங்களை மார்க் கிளெட் முதலானோர் 1977 முதல் 1979 வரை தேடிச் சென்றனர். அதே பருவத்தில், அதே நேரத்தில், அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்தனர். காலம் செய்த மாற்றத்தை அளப்பதே அவர்களின் எண்ணம். கண்டதோ வேறு. யூட்டா மாநிலத்து வீபர் பள்ளத்தாக்கின் பாறைகளைத் திமோதி ஓ’சலிவன் 1869இல் எடுத்த படத்தை, அவர் நின்ற இடத்திலிருந்து ஒப்பிட்டபோது, அவர் தம் படக்கருவியையே சாய்த்து வைத்திருந்தது தெரியவந்தது. நூறாண்டுக்கு மேலாக இயற்கையின் விந்தை என்று பார்க்கப்பட்டதில் மனிதரின் கையும் இருந்தது. சுவடியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பவர்களுக்கு இம்முறை புதிதன்று. ஏடெழுதியவர் எங்கே கைவைத்தார் என்பது மூலத்தோடு ஒப்பிட்டபின்தான் தெரியும்.

டிரைப்பும் கைவைத்தவரே. மெழுகு தோய்த்த தாள் நெகட்டிவில் வானம் வெறுமையாகவே பதியும், மேகம் தங்காது. அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார்; மர இலைகளையும் அவ்வாறே திருத்தினார். ஆகவே அவர் படத்து வானத்தைக் கொண்டு அன்றைய மதுரையின் மழை வெயிலைக் கணிப்பது வீண் வேலை.

திருமலை நாயக்கர் அரண்மனைக்குச் செல்வோம். டிரைப் காட்டும் அரண்மனை இடிந்து சரிந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த அம்மாளிகையின் பெரும்பகுதியைத் திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாதரே பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார் என்பர். எஞ்சியதையும் மழையும் வெயிலும் தின்றுகொண்டிருந்த நிலையில்தான் டிரைப் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் அப்பணியில் ஈடுபட்டார். பின்னர் அங்கே நீதிமன்றங்கள் இயங்கின. 1970இல்தான் அவை வெளியேறின. இன்று ஒலி-ஒளிக் காட்சிக்கு வந்து அமரும் மக்கள், நாயக்கர் கண்ட மாளிகை அப்படியே தம்முன் நிற்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் காண்பது நாயக்கர் கட்டடமும் நேப்பியர் காலத்துத் திருத்தமும் கலந்த ஒன்று. எது முன்னது, எது பின்னது என்று பிரித்தறிய டிரைப்பின் படங்களைப் போன்ற சான்று அரிது. இங்கே படம் இடத்தைத் திருத்துகிறது.

புதுமண்டபத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய வசந்த மண்டபம் அது. அதன் பக்கத்து நடையை மேற்கிலிருந்து பார்த்து டிரைப் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்கள் ஒடுங்கிச் செல்கின்றன, சாய்ந்த ஒளி கோடு கோடாகத் தரையில் விழுகிறது, ஆளரவம் இல்லை. இப்படத்தை மட்டுமே கண்டவர்கள், கைவிடப்பட்ட ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள். மதுரைக்காரர்களுக்கோ புதுமண்டபம் என்றால் தையற்காரர்களின் வரிசை, பாடநூற் கடைகள், பாத்திரக் கடைகள், வளையல், குங்குமம், யாளியின் காலடியில் தையல் எந்திரத்தின் ஓசை. பள்ளி திறக்கும் நாளில் புத்தகம் வாங்க அங்கே முட்டி மோதாத குடும்பம் அந்நாளில் மதுரையில் இருந்திருக்க முடியாது.

படத்தில் ஏன் மனிதர் இல்லை? மண்டபத்தின் நிழலில் மெழுகுத்தாள் நெகட்டிவ் ஒளியை வாங்கிக்கொள்ள நிமிடக்கணக்கில் ஆகும். அதற்குள் நடந்து போகிறவர் பதியமாட்டார். அசையாது நிற்கும் கல் மட்டுமே அத்தாளுக்குத் தெரியும். தமிழகத்துக் கோயில்களில் சென்ற நூற்றாண்டுகளில் மக்கள் நடமாட்டம் அற்றிருந்தது என்ற மயக்கத்தை இத்தகைய படங்கள் மேலைநாட்டில் எவ்வளவு வளர்த்திருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்த மயக்கம் தெளிய, மண்டபத்தில் ஒரு நாழிகை நிற்பதே போதுமானதாய் இருந்தது. ஆனால் 2020களின் தொடக்கத்தில் திருப்பணியை முன்னிட்டுக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களுக்கு அது நன்மையே. எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் கயிறும் அவற்றைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. எனினும் ஒரு வியப்பு உண்டு. 1858இல் படத்தாளின் குறைபாட்டால் தோன்றிய வெறுமை, இப்போது உண்மையான வெறுமையாக அம்மண்டபத்துக்குள் வந்து சேர்ந்தது.

விளக்குத்தூணைக் குறித்து இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். டிரைப்பின் தொகுதியைப் புரட்டுவோர் அதனைப் ‘பழைய மதுரை’ என்றே பேசுகின்றனர். ஆனால் நகரைச் சூழ்ந்திருந்த கோட்டைமதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, அவ்விடத்தில் வெளிவீதிகளை அமைத்தவர் பிளாக்பர்ன்தான். டிரைப் வந்து இறங்கியபோது அந்த மாற்றம் நடந்து இருபதாண்டுகூட நிறைவுறவில்லை. மதிலோடு கூடிய மதுரையைக் கண்ணால் கண்டவர்கள் அன்று தெருவெங்கும் இருந்திருப்பர். அவர்களுக்கு டிரைப்பின் மதுரை புதிய மதுரை. பழமை என்பது எங்கே தொடங்குகிறது என்ற வினாவுக்கு நிழற்படம் விடை தருவதில்லை. அது எடுக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கைத் தொடங்கிவிடுகிறது.

நகரைவிட்டு மேலூர்ச் சாலையில் வடகிழக்கே சென்றால் ஆனைமலை. படுத்திருக்கும் யானை போன்ற ஒற்றைப் பாறைமலை அது. டிரைப் அதனை நீளவாட்டில் காட்டாமல் முனையிலிருந்து பார்த்தும் எடுத்தார். அப்படத்தில் மலையின் நீளமெல்லாம் ஒடுங்கி, பாறைத்திரள் ஒன்று வானத்தை மறித்து எழுகிறது. யானை மறைந்துபோய் அதன் கனம் மட்டும் எஞ்சுகிறது. இப்படம் தொல்பொருள் ஆவணம் அன்று, பார்வையின் வெற்றி. அந்த மலையில் தமிழ்பிராமிக் கல்வெட்டு உண்டு. சமணர் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் உண்டு. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரை உண்டு. அவையெல்லாம் அந்த முனைப் பார்வையில் அடங்கமாட்டா.

இன்று அம்மலையைச் சுற்றி ஒத்தக்கடை வளர்ந்துவிட்டது. 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் 2004இல் வந்த உயர்நீதிமன்றக் கிளையும் அருகே உள்ளன. டிரைப் கண்ட வெட்டவெளி சுருங்கிவிட்டது. மலை மட்டும் மாறவில்லை. மாறாதது இயல்பாக நேர்ந்ததன்று. 2010இல் ஆனைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் பேசப்பட்டபோது, நரசிங்கம், ஒத்தக்கடை முதலிய ஊர்களின் மக்கள் திரண்டு எதிர்த்தனர். அது தங்கள் சாமிமலை என்றனர். திட்டம் நின்றது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்ட செய்தி 2012இல் நாடறிய வெளிவந்தது. அதை அறிந்தவர்களுக்கு ஆனைமலை தப்பியதன் அருமை விளங்கும். டிரைப்பின் படத்தையும் இன்றைய மலையையும் ஒப்பிட்டு, ‘காலம் இதனைத் தொடவில்லை’ என்று எழுதுவது எளிது. தொட வந்த கையைத் தடுத்தவர்கள் அவ்வூரார். அவர்கள் எந்தப் படத்திலும் இல்லை.

தஞ்சையில் டிரைப் செய்தது அவருடைய பணிகளிலேயே துணிவு மிக்கது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை விடாமல் எடுக்க முனைந்தார். கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். அழகுக்காக எவரும் இவ்வாறு மெனக்கெடமாட்டார்கள். எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும் என்பதே அவர் கருத்து. அன்று அந்த எழுத்துகள் முழுமையாகப் படித்து அச்சேற்றப்படவில்லை. கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே அக்காலத்தில் பல கதைகள் உலவின. 1886இல் அரசுக் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ், தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக 1891 முதல் வெளியிட்டார். இராசராசன் தான் எடுத்த கோயிலுக்குத் தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டச் செய்தது அதன்பின்தான் உலகறிந்த செய்தியாயிற்று. படிக்கப்படுவதற்கு முப்பதாண்டுக்கு முன்பே அவ்வெழுத்துகள் படமாகிவிட்டன.

இத்தனை செய்தும் அவர் பணி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த டிரெவல்யன் நிழற்படப் பிரிவை வீண்செலவு என்று கருதினார். 1860இல் அது மூடப்பட்டது. டிரைப் பழையபடி படைப்பணிக்குத் திரும்பினார். 1902இல் பிறந்த ஊரிலேயே இறந்தார்.

தஞ்சைக்கு அச்சுருளின் படியோடு செல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பர். தாளில் வரிகள் ஒரே நேர்கோட்டில் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துவிடலாம். கோயிலில் அப்படி இயலாது. விமானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். மூலைதோறும் திரும்ப வேண்டும். ஒரு பக்கத்தில் வெயில் எழுத்தைத் துலக்கும் நேரத்தில் மறுபக்கத்து எழுத்து நிழலில் மங்கியிருக்கும். இராசராசனின் ஆவணத்தை முழுதும் படிக்க விரும்புகிறவர் அதனாலேயே கோயிலைச் சுற்றிவந்து முடித்துவிடுகிறார்.