ஐந்து வாசல்கள்

முன்பு நாம் பணியாற்றிய சிற்றூர்ப் பங்கில் ஒரு மூதாட்டி திருமுழுக்குச் சான்று கேட்டு வந்தார். "நாள் தெரியாதுங்க சாமி. அறுப்பு முடிஞ்ச கையோட ஞானஸ்நானம் கொடுத்ததா அம்மா சொல்லுவாங்க" என்றார். ஊரார் அறிந்தது வீட்டுப் பெயர். ஏட்டில் இருப்பதோ புனிதரின் பெயர். நாள்வரிசையில் எழுதப்பட்ட திருமுழுக்கு ஏடு, நாளை அறியாதவருக்குப் பூட்டிய கதவாயிற்று.

திருத்தந்தை ஐந்தாம் பவுல் 1614இல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றோடு குடும்பங்களுக்கும் தனி ஏடு வைக்க வகைசெய்திருந்தது. அந்த ஐந்தாம் ஏட்டில், தந்தையின் பெயரைக் கொண்டே அம்மூதாட்டியைக் கண்டெடுத்தோம். ஒரே செய்திக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

இன்று மேனாம்பேட்டில் நின்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை நோக்கும்போது அதே சிக்கல் பேருருவில் தெரிகிறது. மிதிவண்டியின் எஃகுச் சட்டத்திற்கு வர்ணம் பூசுவது பற்றி ஒரு கோப்பு இருப்பதாகக் கொள்வோம். கொள்முதல் பிரிவினர் அதை எஃகு என்று தேடுவர். பட்டறையினர் வர்ணப்பூச்சு என்று தேடுவர். கணக்கர் ஆண்டைக் கொண்டு தேடுவார். அதை எந்த அலமாரியில் வைப்பது?

இக்கேள்விக்கு உலகமே வியக்கும் விடையைத் தந்தவர் நம் மண்ணின் மைந்தர். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகக்கலை பயில இலண்டன் சென்றபோது, ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளையே மாற்றி மாற்றி இணைத்து எத்தனையோ வடிவங்கள் செய்யலாம் என்பது அவர் சிந்தையைத் தூண்டியது. 1933இல் கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. அறிவை முன்கூட்டியே அறை அறையாகப் பிரித்து அடைக்காமல், பொருளின் முகங்களைத் தனித்தனியே குறித்து, முக்காற்புள்ளியால் இணைத்தார் அவர். பின்னாளில் அம்முகங்களை ஆளுமை, பொருள், செயல், இடம், காலம் என ஐந்தாக வகுத்தார். நமது கோப்பில் மிதிவண்டிச் சட்டம் ஆளுமை, எஃகு பொருள், வர்ணம் பூசுதல் செயல், அம்பத்தூர் இடம், ஆண்டு காலம். எவ்வாசல் வழியே வந்தாலும் கோப்பு கைக்கு எட்டும். 1962இல் பெங்களூரில் அவர் நிறுவிய ஆவணமாக்கப் பயிற்சி மையம் இக்கருத்தைத் தொழில்துறைக்கும் கொண்டு சென்றது.

பகுப்பு என்பது வசதிக்கான ஏற்பாடு மட்டுமன்று. அது நீதியையும் தொடுகிறது. 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட பதின்மப் பகுப்பு, சமயத்திற்குரிய நூறு எண்களில் பெரும்பகுதியைக் கிறிஸ்தவத்திற்கு அளித்து, பிற சமயங்கள் அனைத்தையும் கடைசிப் பத்துக்குள் அடக்கிற்று. நமக்குத் தாராளமாக இடம் கிடைத்ததென்று மகிழ்வதா? அயலாரைத் திண்ணையில் அமர்த்திவிட்டுக் கூடம் முழுவதையும் நாமே எடுத்துக்கொள்வது விருந்தோம்பலாகாது. அரங்கநாதனோ பெரும் சமயங்களுக்கு நிகரான இடங்களை வகுத்தார். அவ்வரிசையில் கிறிஸ்தவமும் ஒன்று.

1931இல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. அதன் பொருளை அம்மூதாட்டியே நமக்குக் கற்பித்தார். வரிசைப்படுத்துபவன் தன் வசதியை நினைத்தால் ஒரு வாசலோடு நின்றுவிடுவான். தேடி வருபவரின் கால்நோவை நினைப்பவனே இன்னொரு வாசலைத் திறந்து வைப்பான்.