சென்னை காசநோய் ஆய்வு: வீடா, சானடோரியமா?

சென்னை ஆய்வு என்று மருத்துவ வரலாற்றில் அறியப்படுவது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஒரு காசநோய்ச் சிகிச்சை ஒப்பீடு ஆகும். வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்ட நோயாளிகளும், சானடோரியத்தில் தங்கி அதே மருந்தை உட்கொண்ட நோயாளிகளும் ஓராண்டு முடிவில் எந்த நிலையில் இருந்தார்கள் என்று அது கணக்கெடுத்தது. முதல் அறிக்கை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மாதக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கத்துக்கு உலகெங்கும் முடிவு கட்டியதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. இரு குழுக்களிடையே ‘பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை’ என்று சொன்னால் அதன் பொருள் என்ன, அதை எதுவரை நீட்டலாம் என்பதற்கும் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

சானடோரியக் காலம்

கோவை காந்திபுரத்தில் ஈரோடு பேருந்து ஏறுபவர் வழியில் பெருந்துறையைக் கடப்பார். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் வளாகம் ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களின் இடமாக இருந்தது. ‘சானடோரியம்’ என்ற பெயர் அப்பகுதியின் அஞ்சல் முகவரியில் இன்றும் நிற்கிறது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் ஒரு ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டது. மருந்து இல்லாத நாளில் திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை ஆகியவையே சிகிச்சை. ஊருக்கு ஒதுங்கிய மேட்டுநிலத்தில் இத்தகைய இடங்கள் கட்டப்பட்டது அதனால்தான்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் வந்தன. 1952இல் மலிவான ஐசோனியாசிட் வந்தது. மருந்து வந்தபின்னும் படுக்கை வேண்டுமா என்பது மேலை நாடுகளில் மருத்துவர்களின் விவாதமாக இருந்தது. இந்தியாவில் அது கணக்குப் பிரச்சினை. நாட்டில் நோயாளிகள் பல லட்சம் பேர். காசநோய்ப் படுக்கைகளோ சில பத்தாயிரம்தான். படுக்கை கிடைத்தாலும், சம்பாதிப்பவர் ஓராண்டு போய்விட்டால் வீட்டில் அடுப்பெரியாது.

வயலில் பிறந்த சோதனை

இரண்டு சிகிச்சைகளை எப்படி நேர்மையாக ஒப்பிடுவது என்ற கேள்விக்கான விடை மருத்துவமனையில் அல்ல, வேளாண் பண்ணையில் பிறந்தது. ஒரே காட்டில் கிணற்றோரப் பாத்தியும் மேட்டுப் பாத்தியும் ஒன்றுபோல் விளைவதில்லை என்பது கொங்குப் பக்கத்து உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதிய உரம் போட்ட பாத்தி கூடுதலாக விளைந்தால், அது உரத்தாலா, மண்ணாலா? இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யச் சொன்னார். பிறகு, உரத்துக்கு ஒரு பலனும் இல்லை என்றே வைத்துக்கொண்டால், குலுக்கலின் தற்செயலால் மட்டும் இவ்வளவு பெரிய வேறுபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட வேண்டும். அந்த வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தால் வேறுபாட்டைப் பொருட்படுத்தலாம். 1925இல் வந்த தம் நூலில் இருபதில் ஒன்று, அதாவது 5 விழுக்காடு, என்பதை வசதியான எல்லையாக அவர் எடுத்துக்கொண்டார். வசதிக்காக வைத்த எல்லைதான். இயற்கை விதி அன்று.

இதையே புள்ளியியல் முக்கியத்துவம் என்கிறோம். மிகைகாண் மட்டம் என்றும் தமிழில் எழுதுவர். ‘முக்கியத்துவம்’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. நோயாளிக்கு அந்த வேறுபாடு முக்கியமா என்பதை அது சொல்வதில்லை. தற்செயல் மட்டுமே காரணம் என்று ஒதுக்கிவிட முடியுமா என்பதை மட்டுமே சொல்கிறது.

இந்த முறையை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். முதல் உலகப் போரில் காசநோய் பிடித்து மருத்துவப் படிப்பையே கைவிட நேர்ந்தவர் அவர். படுக்கையில் இருந்தபடி அஞ்சல் வழியில் பொருளியல் படித்துப் பின்னர் புள்ளியியலாளர் ஆனார். அவர் வடிவமைத்து 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதங்களில் இறந்தனர். மருந்துக்குப் பலனே இல்லை என்றால் இத்தகைய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான். நூற்றுச் சொச்சம் நோயாளிகளே போதுமாக இருந்ததற்குக் காரணம், வேறுபாடு அவ்வளவு பெரியது.

சேத்துப்பட்டில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. ஹில்லின் மரபில் பயின்ற வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநராக வந்தார். இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுவது இந்த மையமே.

சளியில் கிருமி இருந்த, நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுக்களுக்கும் ஐசோனியாசிடும் பாஸும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. சானடோரியத்துக்குப் போனவர்களுக்குப் படுக்கை, ஓய்வு, தாதியர் கவனிப்பு, நல்ல சாப்பாடு எல்லாம் கிடைத்தன. மாத்திரை விழுங்கியதை மேற்பார்க்க ஆளும் இருந்தார். வீட்டுக் குழுவினர் நெரிசலான குடியிருப்புகளில், குறைந்த உணவுடன், முடிந்த அளவு வேலையும் செய்துகொண்டு வாழ்ந்தனர். மருந்தை மையத்தில் வாங்கிச் சென்றனர். ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

ஓராண்டு முடிவில் வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினருக்கும், சானடோரியக் குழுவில் 92 விழுக்காட்டினருக்கும் கிருமி நோக்கில் நோய் தணிந்திருந்தது.

ஐந்து பேர் வேறுபாடு

இந்த 86, 92 என்ற இரண்டு எண்களில்தான் விஷயமே இருக்கிறது. இறுதிக் கணக்கில் குழுவுக்கு ஏறத்தாழ 80 பேர். அப்படியானால் 6 விழுக்காடு என்பது உண்மையில் ஐந்து மனிதர்கள். இரு இடங்களும் சமமே என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், இந்த அளவு வேறுபாடு தற்செயலாக வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஃபிஷரின் இருபதில் ஒன்றுக்கு இது அருகில்கூட வரவில்லை. எனவே வேறுபாடு ‘முக்கியத்துவம் அற்றது’.

ஆனால் அதே எண்களை வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 80 பேர் கொண்ட குழுக்களை வைத்து 95 விழுக்காடு நம்பக இடைவெளியைப் போட்டால், சானடோரியம் ஏறத்தாழ 16 புள்ளிகள் மேலானதாகவும் இருக்கலாம், ஏறத்தாழ 4 புள்ளிகள் கீழானதாகவும் இருக்கலாம் என்று வருகிறது. அதாவது நூறு பேரில் பதினைந்து பேரைக் கூடுதலாகக் குணமாக்கும் இடத்தையும் இந்த ஆய்வு தன்னளவில் மறுக்கவில்லை. 6 புள்ளி வேறுபாடு மெய்யாகவே இருந்தால், அதை ஐந்தில் நான்கு முறையேனும் கண்டுபிடிக்கக் குழுவுக்கு 400 பேருக்கு மேல் தேவைப்பட்டிருப்பார்கள். வேறுபாடு நிறுவப்படவில்லை என்பது ஒன்று. வேறுபாடு இல்லை என்று நிறுவப்பட்டது என்பது இன்னொன்று. இந்தக் குழப்பம் மருத்துவ இதழ்களில் எவ்வளவு பரவியிருந்தது என்றால், டக்ளஸ் ஆல்ட்மனும் மார்ட்டின் பிளாண்டும் 1995இல் இதைச் சுட்டிக்காட்டவே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தனிக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது.

அப்படியென்றால் சென்னை ஆய்வை நம்பி சானடோரியத்தைக் கைவிட்டது தவறா? இல்லை. முடிவு அந்த ஒற்றைச் சோதனையின் மேல் நிற்கவில்லை.

முதலாவது, நோயாளிகளை ஐந்தாண்டுகள் விடாமல் தொடர்ந்தார்கள். 1966இல் வந்த அறிக்கையில் இரு குழுக்களிலும் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்த நிலையே இருந்தது. ஓராண்டில் தெரிந்த ஐந்து பேர் இடைவெளி கரைந்துபோயிருந்தது. இரண்டாவது, வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தொற்றுமே என்ற அச்சம். சானடோரியத்தின் பெரிய நியாயமே இதுதான். உடன் வாழ்ந்தவர்களையும் ஐந்தாண்டுகள் சோதித்துப் பார்த்ததில், நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் அவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. தொற்றின் பெரும்பகுதி நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவில் குறைகிறது. மூன்றாவது, நூற்றில் 86 பேர் என்பதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்வி. பெரும்பாலோருக்கு மாற்று, சானடோரியத்தின் 92 அன்று. மருந்தே இல்லாமல் காத்துக் கிடப்பதுதான் அவர்களுக்கு இருந்த மாற்று. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற அடிப்படையில் அமைந்தது இந்தக் கணக்கினால்தான்.

செங்கல்பட்டு

‘வேறுபாடு இல்லை’ என்பதை உறுதியாகச் சொல்ல எவ்வளவு பெரிய ஆய்வு வேண்டும் என்பதையும் இதே மண் காட்டியது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979இல் வந்த அறிக்கை சொன்னபோது உலகம் அதிர்ந்தது. பிரிட்டனில் நல்ல பலன் கண்ட ஊசி அது. ஆனால் இவ்வளவு எண்ணிக்கையில் இடைவெளி மிகக் குறுகிவிடுகிறது. எங்கோ பெரிய பலன் ஒளிந்திருக்கும் என்று சொல்ல இடமில்லை. குழந்தைகளின் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு அது இன்றும் போடப்படுகிறது. அது வேறு கேள்வி, வேறு ஆய்வுகள்.

சாப்பாடு

சென்னை ஆய்வின் ஒரு துணை அறிக்கை உணவைப் பற்றியது, 1961இல் வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. நல்ல மருந்து இருந்தால் நோய் தணிவதற்கு உணவு முதன்மைக் காரணம் அன்று என்று அறிக்கை முடித்தது. அது கேட்ட கேள்விக்குச் சரியான விடை. ஆனால் அந்த விடை தன் கேள்வியை விட்டு வெகுதூரம் பயணம் செய்தது. மருந்து போதும், சோறு இரண்டாம்பட்சம் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் திட்டங்களில் ஊறிப்போனது. ஓராண்டு கழித்துச் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்த்த எண்பது எண்பது பேரின் கணக்கு, மிக மெலிந்தவர் பிழைப்பாரா, பட்டினி கிடக்கும் வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருமா என்பவற்றுக்கு விடை சொல்லவே இல்லை.

அந்தக் கேள்விகளை ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு எடுத்துக்கொண்டது. நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய குடும்பத்தாரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவுக்கு மட்டும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்துகள் வழங்கப்பட்டன. அந்தப் பிரிவில் காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. முன்னது குலுக்கல் முறையில் வந்த முடிவு, பின்னது அப்படி அன்று. எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடியவர்களுக்கு எடை ஏறியதா என்பதைப் பின்னதில் முழுமையாகப் பிரித்தறிய முடியாது. இந்த ஆய்வில் சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது.

காசநோயாளிகளுக்கு உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்துவந்த நடுவண் அரசு, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறிந்த அன்றே நோயாளியின் எடையும் உயரமும் பார்த்து, மூச்சு எப்படி இருக்கிறது, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்றும் சோதிக்கச் சொல்கிறது. பெரும்பாலோர் மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறார்கள். மிக மெலிந்தவர்களுக்கும் மூச்சு வாங்குபவர்களுக்கும் படுக்கை ஒதுக்கப்படுகிறது.