மரியாதைச் சொல்லும் தார்ப்பூச்சும்

அக்காவின் பழைய இலங்கைக் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மருமகள் கேட்டாள்: "மாமா, இங்கிலீஷிலை 'ஸ்ரீலங்கா' எண்டு கிடக்கு. தமிழிலை மட்டும் ஏன் 'இலங்கை'? ஸ்ரீ எங்கை போச்சு?"

ரொறன்ரோவில் பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். அன்று அவளுக்குச் சொன்ன பதில் இது.

ஸ்ரீ ஒரு வடசொல். ஒளி, செல்வம், மங்கலம் என்று பொருள் விரியும். திருமகளுக்கும் அதுவே பெயர். தெய்வம், மன்னர், நூல் என எல்லாவற்றின் முன்னும் நின்ற சொல், பிறகு சாதாரண மனிதரின் பெயருக்கும் அடைமொழியானது. கடலும் கடந்தது. மலேசியாவில் 'டான் ஸ்ரீ' ஒரு பட்டம். புரூணையின் தலைநகர் பண்டார் செரி பெகவான்.

தமிழுக்கும் அது அந்நியமாக இருக்கவில்லை. சோழர் கல்வெட்டுகள் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும். இராசராசனின் மெய்க்கீர்த்தியில் அதை அடுத்தே 'திருமகள்' வருவாள். ஸ்ரீயும் திருவும் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. யாழ்ப்பாணத்திலும் ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்களுக்குக் குறைவில்லை.

அப்படியிருக்க, அந்த எழுத்தின்மேல் தார் பூசும் நிலை ஏன் வந்தது?

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதையடுத்து, அதுவரை ஆங்கில எழுத்துகள் இருந்த வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள எழுத்தில் ஸ்ரீ பொறிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி 1957 சனவரியில் எதிர்ப்பைத் தொடங்கியது. பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் அந்த ஆண்டு சூலையில் கைச்சாத்தானபின் போராட்டம் ஓய்ந்தது. 1958 தொடக்கத்தில் பேருந்துச் சேவை அரசுடைமையானது. சிங்கள ஸ்ரீ தாங்கிய பேருந்துகள் வடக்குக்கு வந்தன. மறுபடியும் தார்வாளிகள் வெளியே வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பாளர்கள் சிங்கள ஸ்ரீயை அழித்ததோடு நிற்கவில்லை. அந்த இடத்தில் தமிழில் ஸ்ரீ என்று எழுதினார்கள். அவர்களுக்குச் சொல்லோடு பகை இல்லை. என்னுடைய வண்டியில், என்னைக் கேளாமல், என் மொழியை ஒதுக்கிவிட்டு எழுதினாயே என்பதுதான் வழக்கு. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9ஆம் நாள் பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதக் கலவரத்தில் தமிழர் உயிரும் வீடும் இழந்து, கப்பல்களில் யாழ்ப்பாணம் போய் இறங்கினார்கள்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதே சொல் வேறு விதமாக விடைபெற்றது. 1967இல் அண்ணாதுரை தலைமையில் அமைந்த அரசு, அலுவல் வழக்கில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி ஆகியவற்றுக்குப் பதிலாகத் திரு, திருமதி, செல்வி என்பவற்றைக் கொண்டுவந்தது. திருமதியின் பின்பாதியான 'மதி' ஸ்ரீமதியிலிருந்து வந்த வடமொழி விகுதிதான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பேசுகிறவர்கள் தாங்களே தேர்ந்துகொண்ட சொல் என்பதால் அது நிலைத்துவிட்டது. இன்று நம் கல்யாண அழைப்பிதழ்களில் அதைத் தமிழ் என்றே நினைத்து அச்சிடுகிறோம்.

1972 மே 22ஆம் நாள் இலங்கை குடியரசானது. சிலோன் என்ற ஆங்கிலப் பெயர் போய், நாட்டின் பெயரிலேயே ஸ்ரீ ஏறியது. தமிழில் மட்டும் அரச ஆவணங்களும் நாணயங்களும் இன்றுவரை 'இலங்கை' என்றே சொல்கின்றன. மருமகள் கண்டது அதைத்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அம்மப்பாவின்ரை பேரும் ஸ்ரீ எண்டுதானே தொடங்குது. அவர் ஏன் அதை மாத்தேல்லை?"

"அது அவற்றை அப்பா ஆசையாய் வைச்ச பேர், பிள்ளை," என்றேன். "அதை ஒருத்தரும் அவருக்குச் சட்டம் போட்டுக் குடுக்கேல்லை."