மேற்றன் கதிரை

எங்கடை ஊரிலை தாதியை "மிஸ்ஸி" எண்டுதான் கூப்பிடுவினம். மிஸ்ஸிமார் எல்லாருக்கும் மேலே இருப்பவர் மேற்றன். மேற்றன் வாறா எண்டால் வாட்டே அடங்கிப் போகும். அந்தக் கதிரையில் ஆர் இருக்கலாம், ஆர் இருக்கக் கூடாது என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. மகள் தாதி வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றால் முகம் சுழிக்கிற பெற்றோர் இன்றும் எம்மிடையே இருப்பதால், அந்தச் சரித்திரத்தில் ஒரு பெண்ணின் கதையை இந்தப் புத்தாண்டு மலரில் எழுதுகிறேன்.

லண்டனில் பாராளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் நிற்கும் சென்ற் தோமஸ் வைத்தியசாலை முன்பு வேறு இடத்தில் இருந்தது. அங்கேதான் 1860இல் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தாதியரைப் பயிற்றுவதும், வேலைக்கு விடுவதும், கண்டிப்பதும் பயிற்சி பெற்ற ஒரு மேற்றனின் கையில் இருக்க வேண்டும் என்பது அவரின் கொள்கை. மேற்றன் பதவிக்கு அதிகாரம் வந்தது இப்படித்தான். ஆனால் குடியேற்ற நாடுகளில் அந்த அதிகாரம் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களுக்கே போனது. உள்ளூர்ப் பெண்கள் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். கதிரை வேறு ஆட்களுக்கு.

கொஃபோவொறோலா அபெனி பிறாற் 1915இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாதியாக ஆசைப்பட்டார். தகப்பன் விடவில்லை. எங்கடை வீடுகளிலை நடக்கிற கதைதான்! ஆசிரியையாகி, லாகோசில் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்தார். மருந்தாளரான கணவர் மருத்துவம் படிக்க இங்கிலாந்து வந்தார். 1946இல் இவரும் வந்து நைற்றிங்கேல் பள்ளியில் சேர்ந்தார். அப்போது வயது 31. பிள்ளை பெற்ற பிறகு, தன்னிலும் இளம் பெட்டையளோடு ஒரே வகுப்பில் இருந்து படிப்பது லேசான காரியமல்ல. கறுப்புத் தாதி தனக்குப் பணிவிடை செய்யக் கூடாது என்று மறுத்த நோயாளியும் இருந்தார். அவர் படித்துக்கொண்டிருந்த 1948இல்தான் என்.எச்.எஸ். தொடங்கியது. அதில் வேலை செய்த முதற் கறுப்பினத் தாதியரில் ஒருவராக இன்று இவரைக் குறிப்பிடுகிறார்கள்.

1954இல் நாடு திரும்பினார். நைற்றிங்கேல் பள்ளியின் தகைமை கையில் இருந்தும், சொந்த நாட்டிலேயே சிஸ்ரர் பதவி முதலில் கிடைக்கவில்லை. அது பிரித்தானியருக்கு ஒதுக்கிய இடம். அதே பள்ளியில் படித்த வெள்ளைக்காரப் பெண் என்றால் கதவு திறந்திருக்கும். ஆகவே தடுத்தது தகைமைக் குறைவல்ல, சட்டம் போட்டவர்களின் மனம்.

அவர் சோர்ந்து வீட்டில் இருக்கவில்லை. இபாடன் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலையில் சேர்ந்து படிப்படியாக ஏறினார். 1960இல் நைஜீரியா சுதந்திரம் பெற்றது. 1964இல் அந்த வைத்தியசாலையின் முதலாவது நைஜீரிய மேற்றன் ஆனார். பிறகு நாட்டின் தலைமைத் தாதிய அதிகாரி, லாகோஸ் மாநிலச் சுகாதார ஆணையாளர் என்று உயர்ந்தார். 1973இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் நைற்றிங்கேல் பதக்கமும் கிடைத்தது. 1992இல் காலமானார்.

பதக்கத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 1965இல் இபாடன் பல்கலைக்கழகத்தில் தாதியர் கல்வி தொடங்கப் பாடுபட்டவர் அவர். தாதியர் சங்கத்தையும் கட்டியெழுப்பினார். கதிரை கிடைத்தவுடன் கதவைச் சாத்தாமல், பின்னால் வருகிறவர்களுக்கு ஏணி வைத்தார்.

இன்று எங்கடை பிள்ளையள் பலர் இரவு வேலை, பகல் வேலை என்று ஆஸ்பத்திரிகளில் ஓடித் திரிகிறார்கள். அவர்களிடம் "எப்ப டொக்டருக்குப் படிக்கப் போறாய்?" என்று கேட்பதை விட்டு, "எப்ப மேற்றன் ஆகப் போறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதிரையும் படித்து, உழைத்து, சில வேளை போராடித்தான் பிடிக்க வேண்டிய கதிரை.