புனித ரொசாலியாவும் மான்டெரே மீனவர்களும்

அமெரிக்க இத்தாலியர்கள் என்றாலே நமக்கு 'காட்ஃபாதர்' படமும் துப்பாக்கியும்தான் ஞாபகத்துக்கு வரும். மீன் பிடிக்கப் போன இத்தாலியர்களைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிசிலித் தீவில், பாலெர்மோ நகரத்துக்குப் பக்கத்தில் இசோலா டெல்லே ஃபெம்மினே என்று ஒரு மீனவ கிராமம். 'பெண்களின் தீவு' என்று அர்த்தம். (ஆனால் ஊர் தீவில் இல்லை, எதிரே ஒரு குட்டித் தீவு இருக்கிறது, அவ்வளவுதான்.) இந்த ஊரிலிருந்தும் மரெட்டிமோ போன்ற ஊர்களிலிருந்தும் 1900-களின் தொடக்கத்தில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி கலிஃபோர்னியாவின் மான்டெரேவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே மத்தி மீனுக்குப் பஞ்சமே இல்லை. மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் லம்பாரா வலையை அங்கே அறிமுகப்படுத்தியவர் பியட்ரோ ஃபெரான்டே என்ற சிசிலிக்காரர். அதன் பிறகு கரை ஓரமாக வரிசையாக டின் மீன் தொழிற்சாலைகள் முளைத்தன. ஜான் ஸ்டெய்ன்பெக் 1945-ல் எழுதிய 'கேனரி ரோ' நாவல் இந்தத் தெருவைப் பற்றியதுதான். ஆண்கள் இருட்டு இரவுகளில் கடலுக்குப் போவார்கள். நிலா வெளிச்சம் இருந்தால் தொழில் இல்லை, ஏனென்றால் மீன் கூட்டம் நகரும்போது தண்ணீரில் தெரியும் மினுமினுப்பை வைத்துத்தான் வலை போட வேண்டும். பிடித்த மீனைத் தொழிற்சாலையில் டின்னில் அடைத்தவர்களில் பலர் அதே குடும்பத்துப் பெண்கள்.

அவர்கள் கொண்டு வந்த தெய்வம் புனித ரொசாலியா. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் 12-ஆம் நூற்றாண்டில் மலைக் குகையில் தனியாகத் தவம் இருந்த பெண். கடலுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது! 1624-ல் பாலெர்மோவில் பிளேக் பரவியபோது அவருடைய எலும்புகளை ஊர்வலமாக எடுத்துப் போனதால்தான் நோய் நின்றது என்பது நம்பிக்கை. கடலைக் காக்கும் புனிதரைத் தேடாமல், ஊரைக் காத்த புனிதரைக் கப்பலேற்றிக் கொண்டு வந்திருக்கிறார்கள். மான்டெரேயில் 1930-களில் செப்டம்பர் மாதத் திருவிழா தொடங்கியது. திருப்பலி முடிந்ததும் சிலையைத் தூக்கிக்கொண்டு துறைமுகம் வரை ஊர்வலம், பிறகு குருவானவர் படகுகளை ஆசீர்வதிப்பார். மார்ச் 19-ல் புனித சூசையப்பர் திருநாளும் உண்டு. ரொட்டிகளை அடுக்கிப் பீடம் அமைத்து எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள். இதையெல்லாம் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பிறகு வந்தது போர். 1941 டிசம்பரில் இத்தாலியும் அமெரிக்காவும் எதிரி நாடுகள் ஆயின. குடியுரிமை வாங்காத இத்தாலியர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர் ஒரே நாளில் 'எதிரி நாட்டு அந்நியர்' ஆனார்கள். இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே வரக்கூடாது. இரவில் தொழில் செய்யும் மீனவனுக்கு இது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1942 பிப்ரவரியில் கடற்கரைப் பகுதிகளை விட்டே வெளியேறச் சொன்னார்கள். மான்டெரேயிலிருந்து பல குடும்பங்கள் உள்நாட்டில் இருக்கும் சலினாஸுக்குப் போயின. கலிஃபோர்னியா முழுக்க இப்படி வீட்டை விட்டுப் போனவர்கள் சுமார் 10,000 பேர்.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டது வயதான அம்மாக்கள். 1922 வரை கணவனுக்குக் குடியுரிமை கிடைத்தால் மனைவிக்கும் தானாகக் கிடைத்துவிடும். அந்த வருடம் சட்டம் மாறியது, இனி அவர்களே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எங்கே போவார்கள்? மகன் அமெரிக்கக் கடற்படையில், அம்மா அமெரிக்காவுக்கு எதிரி!

பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோ 1941-ல்தான் தொடர்ந்து 56 ஆட்டங்களில் பந்தை அடித்து சாதனை படைத்திருந்தார். அவருடைய அப்பா ஜூசெப்பே, அதே இசோலா டெல்லே ஃபெம்மினேயிலிருந்து 1898-ல் வந்த மீனவர். சான் ஃபிரான்சிஸ்கோவின் மீன் துறைமுகத்துக்குள் அவர் கால் வைக்கக் கூடாது என்று தடை. (ஜோவின் அம்மா பெயர் என்ன தெரியுமா? ரொசாலியா.)

1942 அக்டோபர் 12, கொலம்பஸ் தினத்தன்று தடைகள் நீங்கின. ஜப்பானிய அமெரிக்கர்கள் பட்ட பாட்டோடு இதை ஒப்பிடவே முடியாது. 1 லட்சத்து 20 ஆயிரம் பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கு 1988-ல் மன்னிப்பும் ஆளுக்கு 20,000 டாலரும் கிடைத்தன. இத்தாலியர்கள் விஷயத்தில், நடந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொள்ளும் சட்டமே 2000-ல்தான் வந்தது. பணம் எதுவும் கிடையாது.

போருக்குப் பிறகு மத்தி மீனும் காணாமல் போனது. கடைசித் தொழிற்சாலை 1973-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 1984-ல் பெரிய மீன் காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள்.