சவுண்டல் தழையும் ஹவாய் வெள்ளாடுகளும்

எங்க அப்பாயி ஆட்டுக்குத் தழை ஒடிப்பதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். வேலியோரச் சவுண்டலில் ரெண்டு கொத்து, அதோடு வேம்பு, கிளுவை, கொடுக்காப்புளி என்று கைக்கு எட்டியதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். நான் சோம்பேறித்தனத்தில் சவுண்டலை மட்டும் ஒரு கட்டு கட்டிக் கொண்டுவந்தால் திட்டுதான். "ஒரே தழையவே போட்டா மசுரு கொட்டிப்போயிரும்டா." கிழவி கதை விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆடு அதைத்தானே முண்டியடித்துக்கொண்டு தின்கிறது?

அரியலூர்ப் பக்கம் சவுண்டலுக்குப் பஞ்சமே கிடையாது. சிமெண்ட் ஆலைகளை இங்கே இழுத்து வந்த அதே சுண்ணாம்பு மண், இந்த மரத்துக்கும் ரொம்பப் பிடித்தமானது. ஒரு மரம் இருந்தால் அடுத்த மழைக்கு நூறு கன்று. அதனாலேயே பலரும் இதை நம்மூர் மரம் என்று நினைக்கிறார்கள். இதன் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே இதன் காயை மனிதர்களே தின்கிறார்கள். ஓஹாக்கா என்ற நகரத்தின் பெயரே இந்த மரத்திலிருந்து வந்ததுதான். ஸ்பானியர்களின் கப்பல்களில் மணிலாவுக்கு வந்து, அங்கிருந்து ஆசியா முழுக்கப் பரவியது.

இந்தியாவில் அது பெரிதாகப் பேசப்பட்டது 1970களிலும் 80களிலும். மகாராஷ்டிரத்தின் உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் 1967இல் தொடங்கிய பைஃப் நிறுவனம், இதை 'சூபாபுல்', அதாவது நல்ல கருவேலம், என்று நாடெங்கும் கொண்டுபோனது. விதைகளில் முக்கியமானவை, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புரூபேக்கர் உலகெங்கும் பரப்பிய கே-8 போன்ற 'ஹவாய் ராட்சச' ரகங்கள். விறகு, தீவனம், மண்ணுக்குத் தழைச்சத்து, எல்லாமே ஒரே மரத்தில்! அன்றைய வளர்ச்சித் திட்டக்காரர்கள் மயங்கியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இலைக்குள் மைமோசின் என்ற ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. குதிரை இந்த இலையைத் தின்றால் பிடரியும் வாலும் கொட்டிப்போகும். ஆஸ்திரேலியாவில் ஹெகார்ட்டியும் அவருடைய சகாக்களும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத செம்மறிகளுக்கு இந்த இலையைக் கொடுத்தபோது கம்பளி அப்படியே கழன்று வந்தது. அப்பாயி சொன்ன 'மசுரு கொட்டும்' கதை இதுதான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிய ஆடுகள் தாக்குப்பிடித்தன. அவற்றின் வயிற்றிலிருந்த ஏதோ ஒன்று மைமோசினை உடைத்துவிட்டது.

அந்த வயிற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கறிக்கடையில் போட்டி வாங்கியவர்களுக்கு அது தெரியும். சொரசொரப்பான துண்டு மாதிரி இருக்கிற பெரிய பை. உயிரோடிருக்கும் ஆட்டில் அது காற்றில்லாத ஒரு வெந்நீர்த் தொட்டி. புல்லைச் செரிப்பது ஆடு என்று சொல்வது பாதிதான் உண்மை. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்கின்றன, அவை விட்டுவைக்கும் அமிலங்களில் ஆடு பிழைக்கிறது. காற்றுப்பட்டால் சாகிற இந்த உயிர்களை வெளியே எடுத்து வளர்க்கும் வழியை 1940களில்தான் அமெரிக்காவின் ராபர்ட் ஹங்கேட் உருவாக்கிக்காட்டினார். இரை மாறினால் அங்கே குடித்தனம் இருப்பவர்களும் மாறுவார்கள். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் புகுந்து வயிறுமுட்டத் தின்ற ஆடு ஒரே ராத்திரியில் செத்துப்போவது இதனால்தான். மாவைத் தின்னும் கிருமிகள் திடீரென்று பெருகி, வயிறே அமிலமாகிவிடும்.

சவுண்டல் விஷயத்தில் நுண்ணுயிர்கள் வேலையைப் பாதியில் நிறுத்தின. மைமோசினை உடைத்தால் டி.ஹெச்.பி. என்ற இன்னொரு பொருள் வருகிறது. அது மயிரை உதிர்க்காது, தைராய்டைத் தாக்கும். குவீன்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களில் சவுண்டல் தின்ற மாடுகளுக்குக் கழுத்தில் கழலை வந்தது. தீனி குறைந்தது, எடை ஏறவில்லை. ஹவாயிலோ வெள்ளாடுகள் கிட்டத்தட்ட அதையே தின்று கொழுகொழுவென்று திரிந்தன. இத்தனைக்கும் ஒரே இலை, ஒரே மாதிரி ஆடு.

ரேமண்ட் ஜோன்ஸ், ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் அமைப்பில் மேய்ச்சல் நில ஆய்வாளர். ஹவாயில் நஞ்சு இல்லாததற்குக் காரணம் ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கிறதா என்று 1981இல் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே கேள்வியாகக் கேட்டார். மூத்திரத்தைச் சோதித்தபோது ஆஸ்திரேலிய ஆடுகளில் டி.ஹெச்.பி. ஏராளம்; ஹவாய் ஆடுகளில் சொற்பம். இந்தோனேசிய வெள்ளாடு ஒன்றின் வயிற்று நீரிலிருந்து ஆஸ்திரேலிய ஆடுகளுக்கு அந்தத் திறமை தொற்றியதை அவரும் லோரியும் 1984இல் எழுதினார்கள். ஹவாய்க் கிருமிகளை மாற்றிய வெற்றி 1986இல் வந்தது. ஒரு மந்தையில் சிலவற்றுக்குக் கொடுத்தால் போதும், கூட மேயும் மற்றவற்றுக்கும் தானாகப் பரவியது. 1992இல் அந்த பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்தார்கள்: சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை. ஒரு ஆராய்ச்சியாளருக்கு ஆட்டு வயிற்றில் இப்படி ஒரு நினைவுச்சின்னம் அமைவது அபூர்வம்தான்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறு. விதையைக் கப்பலிலும் விமானத்திலும் நாடு நாடாக அனுப்பினோம். அதைச் செரிக்கத் தெரிந்த உயிர் தனியாக, ஆட்டோடு பயணிக்கிற உயிர் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் பல நாடுகளில் மரம் வேரூன்றிவிட்டது.

அதற்காக ஜோன்ஸ் கதையை அப்படியே வேதமாக்கவும் முடியாது. பிந்தைய மரபணுச் சோதனைகளில், சவுண்டல் தின்னும் பல நாட்டு மந்தைகளில் இந்த பாக்டீரியா குறைந்த அளவில் ஏற்கெனவே இருப்பது தெரிந்தது. டி.ஹெச்.பி.யைக் கல்லீரலும் கட்டிப்போட்டு மூத்திரத்தில் தள்ளுகிறது என்று குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்களே சொல்கிறார்கள். வயிறா, கல்லீரலா, எது எவ்வளவு என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. பழக்கமில்லாத மந்தைக்கு மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்ற பழைய அறிவுரை மட்டும் இன்னும் மாறவில்லை.

குவீன்ஸ்லாந்தில் 1990களிலிருந்து இந்தக் கிருமிக் கலவையைத் தொட்டியில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள், மாட்டின் வாயில் ஊற்ற. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் வந்ததில்லை. அப்பாயி சந்தையில் வாங்கிவந்த புதுக்குட்டியை முதல் நாளே பழைய கிடாவோடு ஒரே தொட்டியில் தண்ணி குடிக்க விடுவார். "சேந்து பழகட்டும்" என்பார். தழை மட்டும் முதல் வாரம் கைப்பிடி அளவுதான்.